பிணை நின்ற பெருமகன்

சென்ற தவணையில் ஒரு நாள், நான் தமிழ் கற்பிக்கும் கீழைத்தேயக் கல்லூரியிலே மாணாக்கர் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நம் நாட்டுப் பெரியார் ஒருவரின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதி வருமாறு பணித்திருந்தேன். பலர் நாவலர் பெருமானை எழுதியிருந்தனர்; சிலர் விபுலாநந்த அடிகளை எழுதியிருந்தனர். ஒரே ஒரு மாணாக்கன் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை எடுத்துக்கொண்டிருந்தான். கட்டுரையின் முதற் பக்கத்திலே, அருணாசலம் 1919ஆம் ஆண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸை நிறுவி அதன் முதல் தலைவரானார் என்றிருந்தது. இரண்டாம் பக்கத்திலே, 1921ஆம் ஆண்டு அவர் காங்கிரஸை விட்டு விலகினார், 1923ஆம் ஆண்டு தமிழருக்கெனத் தனிச் சங்கம் கண்டார் என்றிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரிதானும் இல்லை.

ஏன் விலகினார் என்று கேட்டேன். தான் பார்த்த புத்தகத்தில் அது சொல்லப்படவில்லை என்றான். பிறகு சற்றே தயங்கி, ஒன்றாயிருந்தோரை இரண்டாக்கியவர் அவரேயென்று சிலர் கூறுகிறார்களே, அது மெய்தானா என்று என்னையே திருப்பிக் கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்தது எனக்கு வாய்ப்பாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முப்பது ஆண்டாகச் சொல்லிக் கொடுப்பவன், இலக்கண ஐயத்துக்குச் சொல்வதுபோல ஒரு நொடியில் விடை சொல்லத்தக்க வினா அன்று அது. அப் பெரியாரின் வாழ்வை முழுதாக எடுத்துச் சொன்னாலன்றி அதற்கு விடையில்லை. ஆதலின் அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகின்றேன்.

குடியும் கல்வியும்

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செத்தெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியார். கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் திருக்கோயிலை எடுப்பித்த சிவநேசச் செல்வர். தாயார் செல்லாச்சி அம்மையார். அம்மையாரின் தந்தை குமாரசுவாமி முதலியார், சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக முதன்முதல் அமர்ந்தவர். அம்மையாரின் சகோதரர் சேர் முத்துக்குமாரசுவாமி. அவர் மைந்தரே உலகறிந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி. பொன்னம்பல முதலியாருக்கு ஆண்மக்கள் மூவர். மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் இராமநாதன், இளையவர் அருணாசலம். மூவரும் வெவ்வேறு காலங்களிற் சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர்களே. இத்தகைய குடியிலே பிறந்த ஒருவருக்குப் பதவியும் மதிப்பும் தேடிப் போகவேண்டியவை அல்ல. அவை வீட்டுத் திண்ணையிலேயே இருந்தன. பின்னர் நான் கூறப்போவதற்கு இது இன்றியமையாதது. ஆகவே வாசகர் இதனை மனத்தில் இருத்திக்கொள்வாராக.

இன்று றோயல் கல்லூரி என வழங்கும் கொழும்பு அக்கடமியிலே கற்று, 1870ஆம் ஆண்டு புலமைப் பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். கிரேக்கம், இலத்தீன் முதலிய தொன்மொழிகளிலும் கணிதத்திலும் அங்கே பெயர் பெற்றார். ஆங்கில எழுத்தாளர் எட்வேட் காப்பென்ரரின் நட்பு வாய்த்ததும் அங்கேதான். அந்நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. பகவத்கீதையைக் காப்பென்ரருக்கு அறிமுகஞ் செய்தவர் அருணாசலமே. 1890ஆம் ஆண்டு காப்பென்ரர் இலங்கைக்கு வந்தபோது அவரை ஒரு தமிழ் ஞானியிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. சட்டக் கல்வியையும் முடித்துப் பரிஸ்டரானார். தாய்மாமன் கூறிய அறிவுரையை ஏற்று இலங்கைச் சிவில் சேவைக்குரிய திறந்த போட்டிப் பரீட்சையிலே தோற்றித் தேறினார். அப்பரீட்சை வாயிலாக அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. அது 1875ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அரச சேவை

1913இல் ஓய்வுபெறும் வரை ஏறக்குறைய முப்பத்தெட்டு ஆண்டு அவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். நீதிபதியாகப் பல ஊர்களிற் பணியாற்றினார். சேர் ஆதர் கோர்டன் தேசாதிபதியாயிருந்த காலத்திலே, சேவையில் மூத்த வெள்ளையர் பலரைக் கடந்து, பதிவாளர் நாயகம் என்னும் பெரும் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. கடக்கப்பட்டவர்கள் முறையிட்டார்கள். அம்முறையீட்டுக்கு அவர் வாயால் விடை சொல்லவில்லை, வேலையாற் சொன்னார். பிறப்பு, இறப்பு, விவாகம், காணி ஆகியவற்றின் பதிவுகள் அவர் கைப்பட்ட பின்னரே ஒழுங்குக்கு வந்தன. ஏழைக் குடியானவன் தன் காணி உறுதியின் பதிவைப் பார்க்கக் கந்தோர் வாசலிற் காத்துக் கிடந்து, கண்டவனுக்கெல்லாம் காசு கொடுக்கும் நிலையை அவர் மாற்றினார்.

1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவருக்கே வந்தது. அவ்வாண்டு இலங்கையின் குடிசனத் தொகை 35,65,954. இத்தொகையைக் கூறுவதோடு அவர் நின்றாரல்லர். இந்நாட்டின் வரலாறு, சமயங்கள், மொழிகள், சாதிகள், வழக்கங்கள் யாவற்றையும் அவ்வறிக்கையிலே விரித்து எழுதினார். அரசாங்க அறிக்கையொன்று இலக்கியமாக வாசிக்கப்படுவது அரிது. அருணாசலத்தின் அறிக்கை அவ்வாறு வாசிக்கப்பட்டது. அவ்வறிக்கைப்படி சிங்களர் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரையும் சேர்த்துத் தமிழர் ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம். இந்த எண்களையும் வாசகர் மறவாதிருக்க வேண்டும். இந்நாட்டிலே தமிழர் எத்தனை பேர், சிங்களர் எத்தனை பேர் என்பதை அருணாசலத்தை விட நன்கறிந்தவர் அக்காலத்தில் ஒருவருமிலர். தேர்தலில் எண்ணிக்கை என்ன செய்யும் என்பதை அறியாமல் அவர் அரசியலுக்கு வரவில்லை.

1906இல் உத்தியோக அங்கத்தவராகச் சட்டநிரூபண சபையிலும், 1912இல் நிர்வாக சபையிலும் அமர்ந்தார். அவ்வாண்டுகளிலேயே கல்விக்கும் பாடுபட்டார். 1906இல் தோன்றிய இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்துக்கு அவரே தலைவர். நம் பிள்ளைகள் கப்பலேறி அந்நிய தேசம் போகாமல் இங்கேயே உயர்கல்வி பெற வேண்டும், அக்கல்வியிலே தமிழும் சிங்களமும் உரிய இடம் பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலம் கற்றதனால் தாய்மொழியை மறந்து, தம் வீட்டாரோடு தம் மொழியிற் பேசவும் நாணுகின்ற இளைஞரைக் கண்டு அவர் வருந்தினார். அவர் விரும்பிய நிறுவனம் 1921இல் சர்வகலாசாலைக் கல்லூரியாகத் தொடங்கி, 1942இல் முழுச் சர்வகலாசாலையாயிற்று. இன்று பேராதனையிலே மாணாக்கர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தமிழாசிரியனாகிய எனக்கு அவர் செய்த அரசியலை விட இப்பணியே பெரிதென்று தோன்றுவதுண்டு. கேம்பிரிட்ஜிலே கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர், திருவாசகத்தின் பாடல்களை ஆங்கிலமாக்கி, மாணிக்கவாசகரை மேலைநாட்டார்க்கு எடுத்துக் காட்டினார். பொலநறுவையிலே அகழ்ந்தெடுத்த சைவத் திருவுருவங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். தமிழ் அவருக்கு மேடைக்கு மட்டும் எடுத்துப் போர்க்கும் சால்வையாய் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற பின்

அறுபது வயதில் ஓய்வுபெற்ற ஒருவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து தம் வரலாற்றை எழுதலாம். அல்லது தலயாத்திரை போகலாம். அருணாசலமோ கொழும்பின் சேரிகளுக்குப் போனார். 1915ஆம் ஆண்டு சனவரியிலே இலங்கைச் சமூக சேவைச் சங்கம் அவர் தலைமையில் தொடங்கிற்று. வறியவர் வாழும் முடுக்குகளிலே சுகாதாரம், மருந்து, இராப் பாடசாலை ஆகியவற்றுக்கு அச்சங்கம் உழைத்தது. 1919ஆம் ஆண்டு தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் ஒன்றையும், அடுத்த ஆண்டு தொழிலாளர் சம்மேளனம் ஒன்றையும் நிறுவினார். தோட்டத் தொழிலாளியின் கடனைத் துண்டு என்னும் சிறு கடதாசியில் எழுதி, அக்கடனைக் கட்டுபவனுக்கே ஆளை விடுவிக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஒப்பந்தம் மீறிய குற்றத்துக்குப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட மறியலில் இடும் சட்டமும் இருந்தது. அவற்றை எதிர்த்து அவர் ஓயாமல் எழுதினார், பேசினார், அதிகாரிகளை நெருக்கினார். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிந்தது. வாக்குரிமையற்ற அத்தொழிலாளரால் அவருக்கு ஒரு வாக்குத்தானும் கிடைக்கப்போவதில்லை. கிடைக்குமென்று எதிர்பார்த்து அவர் அதைச் செய்யவுமில்லை.

இனி அரசியலுக்கு வருவோம். அக்காலச் சட்டநிரூபண சபையிலே உத்தியோக அங்கத்தவரே பெரும்பான்மை. ஏனையோரில் மிகப் பலர் இனவாரியாகத் தேசாதிபதியால் நியமிக்கப்படுவோர். 1912ஆம் ஆண்டு அமைந்த சபையில் 21 பேர்; உத்தியோகப் பற்றற்றோர் 10 பேர்; அவருள்ளும் தெரிவு செய்யப்பட்டோர் நால்வரே. அந்நால்வரில் ஒருவர் படித்த இலங்கையரின் பிரதிநிதி. 1911இல் நடந்த அத்தெரிவிலே வாக்காளரிற் பெரும்பாலார் சிங்களராயிருந்தும், வென்றவர் தமிழராகிய இராமநாதன். 1915ஆம் ஆண்டுக் கலகத்தையடுத்துச் சிங்களத் தலைவர்கள் மறியலில் இடப்பட்டபோது அவர்களுக்காகச் சபையிலே வாதாடியவரும் அதே இராமநாதனே. சிங்களரும் தமிழரும் ஒருவரையொருவர் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையின் மேலேதான் அருணாசலம் தம் கட்டடத்தை எழுப்பினார்.

1917ஆம் ஆண்டு ஏப்பிரில் 2ஆந் திகதி, நாட்டின் அரசியற் தேவைகள் பற்றி அவர் கொழும்பில் ஆற்றிய சொற்பொழிவு இந்நாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். தன் நாட்டைத் தானே ஆளும் தகுதி இலங்கையனுக்கு உண்டு என்பதை, முப்பத்தெட்டு ஆண்டு அந்நியர் ஆட்சியின் உட்பக்கத்தைக் கண்டவர் எடுத்துச் சொன்னபோது, கேட்டவர் மறுக்க முடியவில்லை. அடுத்த மாதமே இலங்கைச் சீர்திருத்தச் சங்கம் அவர் தலைமையில் எழுந்தது. இனவாரி நியமனம் ஒழிந்து, பிரதேசவாரியாக மக்களே பிரதிநிதிகளைத் தெரிய வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நாடு முழுவதையும் ஓரணியில் திரட்டத் தேசிய காங்கிரஸ் ஒன்று வேண்டும் என்றார். அதற்கு யாழ்ப்பாணமும் வரவேண்டும்.

கடிதம்

யாழ்ப்பாணம் எளிதில் வரவில்லை. 1905இல் தோன்றிய யாழ்ப்பாணச் சங்கத்தின் முதல்வர் அ. சபாபதி முதலானோர் கணக்கறிந்தவர்கள். பிரதேசவாரித் தெரிவு வந்தால் ஒன்பது மாகாணங்களில் வடக்கும் கிழக்கும் இரண்டே. ஏனைய ஏழிலும் தமிழர் எங்கும் சிறுபான்மை. கொழும்பிலே வணிகராகவும் உத்தியோகத்தராகவும் தொழிலாளராகவும் வாழும் பல்லாயிரந் தமிழருக்குச் சபையிலே நாவிருக்காது. ஆதலின் மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

அருணாசலம் இரு சாராருக்கும் இடையே நின்றார். 1918ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகிய இருவரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பிரதேசவாரித் தெரிவு என்னும் அடிப்படைக்கு முரண்படாத வரையில் யாழ்ப்பாணச் சங்கத்தின் கோரிக்கைகளை ஏற்பதாகவும், மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதற்கு ஊக்கமாக ஆதரவளிப்பதாகவும் அதில் உறுதி கூறினார்கள். அவ்வுறுதியைச் சபாபதிக்குத் தெரிவித்து, அதனை நம்பலாம் என்று யாழ்ப்பாணத்தாரை இணங்கச் செய்தவர் அருணாசலம். யாழ்ப்பாணம் இணங்கிற்று. 1919ஆம் ஆண்டு திசெம்பர் 11ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூடிற்று. அருணாசலம் முதல் தலைவரானார். அவருக்கு அப்போது வயது அறுபத்தாறு.

அக்கடிதத்தை நான் எண்ணும்போதெல்லாம் ஒன்று மனத்தில் உறுத்தும். யாழ்ப்பாணத் தமிழிலே உறுதி என்னும் சொல்லுக்கு இரண்டு பொருளுண்டு. கொடுத்த வாக்கும் உறுதி. நொத்தாரிசு முடித்துத் தரும் காணிச் சாதனமும் உறுதி. சாதனமாகிய உறுதி செல்லவேண்டுமாயின் அது கந்தோரிலே பதியப்பட வேண்டும். இலங்கைத் தீவின் காணி உறுதிகளையெல்லாம் ஒழுங்காகப் பதிவித்த பதிவாளர் நாயகம், தம் இனத்தாருக்கு வாங்கித் தந்த இந்த ஓர் உறுதியைப் பதிவிக்காமல் விட்டார். காங்கிரஸின் அமைப்பு விதிகளிலே அதனைச் சேர்க்குமாறு அவர் வற்புறுத்தியிருக்கலாம். கண்ணியமானவர்கள் கையொப்பமிட்டார்கள், அதுவே போதும் என்றிருந்துவிட்டார். அவரிலே குற்றம் காண வேண்டுமாயின் நான் காணும் குற்றம் இதுதான்.

வாக்குப் பிறழ்ந்தது

1920ஆம் ஆண்டின் சீர்திருத்தப்படி அமைந்த புதிய சபையில் 37 அங்கத்தவர். உத்தியோகப் பற்றற்றோர் 23 பேராகப் பெரும்பான்மை பெற்றனர். அவருள் 11 பேர் பிரதேசவாரியாகத் தெரிவு செய்யப்படுவோர். மேல் மாகாணத்துக்கு மூன்று ஆசனம். ஏனைய மாகாணம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆசனம். மேல் மாகாணத்தின் மூன்றில் ஒன்றும் தமிழருக்கென ஒதுக்கப்படவில்லை. கடிதம் நினைவூட்டப்பட்டது. அது எழுதப்பட்ட காலத்திலே காங்கிரஸ் பிறக்கவேயில்லை, தனிமனிதர் இருவரின் கையொப்பம் இயக்கம் முழுவதையும் கட்டாது என்றவாறு நியாயங்கள் கூறப்பட்டன.

1921ஆம் ஆண்டுத் தேர்தலிலே கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலம் நிற்பார் என்பதே பலரின் எதிர்பார்ப்பாய் இருந்தது. அப்படி நின்றிருந்தால், ஒதுக்கிய ஆசனம் இல்லாத குறை அவர் ஒருவராலேனும் ஓரளவு தீர்ந்திருக்கும். ஆனால் காங்கிரஸிலே பலம் பெற்றிருந்தோர் ஜேம்ஸ் பீரிஸையே அவ்வாசனத்துக்கு முன்னிறுத்தினார்கள். கடிதத்திலே கையொப்பமிட்ட இருவரில் ஒருவரே அவர். அருணாசலம் ஒதுங்கிக்கொண்டார். பின்னர் காங்கிரஸை விட்டும் விலகினார்.

இந்த இடத்திலேதான் அவர்மேற் பழி கூறுவோர் வந்து சேருகின்றனர். பதவி கிடைக்காத கசப்பினாலே இனவாதியானார் என்பது அவர்களின் ஒரு கூற்று. பிரதேசவாரித் தெரிவைப் போதித்தவரே இனத்துக்கு ஆசனம் கேட்டது முரண்பாடு என்பது மற்றொரு கூற்று. இரண்டையும் தூக்கிப் பார்ப்பது நம் கடன்.

முதலாவதற்கு விடை எளிது. சட்டநிரூபண சபை மாத்திரமன்றி நிர்வாக சபையிலும் இருந்து இறங்கிய ஒருவர், அறுபத்தெட்டாம் வயதிலே ஓர் ஆசனம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தம் கைக்குழந்தையாகிய இயக்கத்தைத் தள்ளிவிட்டார் என்பது நம்பத்தக்கதன்று. அவர் மனம் புண்படவில்லை என்று நான் சாதிக்க வரவில்லை, அவரும் மனிதரே. ஆனால் மனப்புண் மட்டும் காரணமாயின் அவர் திருவாசகத்தோடு வீட்டில் இருந்திருப்பார். மூப்பிலே மீண்டும் மேடையேறி, ஊரூராய் ஆள் திரட்டியிருக்க மாட்டார்.

இரண்டாவது கூற்று வலியது. தனியாசனம் என்பது பொதுத் தெரிவு என்னும் கொள்கைக்கு இசையாத விலக்கு என்பது மெய்யே. ஆயினும் அவ்விலக்கை 1918இல் எல்லோரும் அறிந்தே ஒப்புக்கொண்டார்கள். பெரும்பான்மையோர் தாமாகச் செய்யும் ஒரு சிறு விட்டுக்கொடுப்பே சிறுபான்மையோரைப் பொதுக்கொள்கைக்குள் கொண்டுவரும் என்பது அவ்வொப்பந்தத்தின் கருத்து. விட்டுக்கொடுப்பு மறுக்கப்பட்டபின் கொள்கை மட்டும் எஞ்சியது. எஞ்சிய கொள்கையோ எண்ணிக்கையின் மறுபெயராயிற்று.

பிணை

என் இளமையிலே கண்ட ஒன்றைச் சொல்ல இடந்தர வேண்டும். என் தந்தையார் உறவினர் ஒருவரின் கடனுக்குப் பிணை நின்றார். கடன்பட்டவர் தவணை தப்பினார். பின்னர் தாம் பிணை கேட்கவேயில்லை என்பதுபோல் நடந்தார். என் தந்தையார் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அக்கடனைக் கட்டி முடித்தார். பணம் போனதற்காக அவர் ஒருநாளும் முகஞ் சுளித்ததில்லை. ஆனால் கடன் கொடுத்தவரின் வீட்டு ஒழுங்கையால் போவதை மட்டும் கடன் தீரும்வரை தவிர்த்தார். சுற்றுப் பாதையால் நடந்தே பாடசாலைக்குப் போய்வந்தார். ஏன் என்று சிறுவனாகிய எனக்கு அன்று விளங்கவில்லை.

அருணாசலத்தின் நிலையும் அதுவே என்று இன்று எண்ணுகின்றேன். வாக்களித்தவர் பிறர், பிணை நின்றவர் அவர். சபாபதியும் யாழ்ப்பாணத்தாரும் பீரிஸின் முகத்தையோ சமரவிக்கிரமவின் முகத்தையோ பார்த்து இணங்கவில்லை. அருணாசலத்தின் முகத்தைப் பார்த்தே இணங்கினார்கள். வாக்குத் தவறியபோது காங்கிரஸிலேயே அவர் தங்கியிருந்தால், தவறியோருள் அவரும் ஒருவராயிருப்பார். விலகியபோதுதான் பிணைகாரனுக்குரிய கடனை அவர் இறுத்தார். அவர் இறுத்த விலை சிறிதன்று. நாடு முழுவதற்கும் தலைவர் என்று பெற்ற பெயரை இழந்தார். சிறுபான்மையோர் ஒருவரின் தலைவர் என்னும் சிறிய பெயரை ஏற்றார். சிறுபான்மை அரசியல் என்பது அவர் விரும்பித் தேர்ந்த பாதையன்று. திறந்திருந்த வாயில் அடைபட்ட பின் எஞ்சிய பாதை.

இறுதி ஆண்டுகள்

1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமிழ் மகாஜன சபை தோன்றிற்று. 1923ஆம் ஆண்டு செத்தெம்பர் 15ஆந் திகதி, தமது எழுபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், அருணாசலம் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தொடக்கி வைத்தார். அரசியல் நெருக்கடியே அச்சங்கத்தைப் பிறப்பித்தது, ஆனால் அரசியல் மட்டும் அதன் நோக்கமன்று என்பதை அவர் அன்றே தெளிவுபடுத்தினார். தமிழரின் மொழி, சமயம், கலை ஆகிய பழஞ் செல்வங்களைப் பேணலும், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கடல் கடந்த நாடுகளிலும் உள்ள தமிழரை அன்பினால் இணைத்தலும் அதன் நோக்கங்கள். வஞ்சிக்கப்பட்டவர் வசை பாடுவது உலக வழக்கு. அவரோ பிற இனத்தாரைப் பகைக்கச் சொல்லவில்லை. தம்மினத்தார் தம்மைத் தாமே மதிக்கக் கற்கவேண்டும் என்றார்.

அதன்பின் நான்கு மாதம் சென்றது. தென்னிந்தியச் சிவதலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டவர், 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி மதுரையிலே சிவபதம் அடைந்தார்.

அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்த புதிய அரசியற் திட்டம் மேல் மாகாணத் தமிழருக்குத் தனியாசனம் ஒன்றை அளித்தது. நண்பர்கள் கொடுக்க மறுத்ததை ஆட்சியாளர் கொடுத்தார்கள். ஒரு கை நீட்டிக் கொடுத்திருந்தால் நட்பை வளர்த்திருக்கும் ஆசனம், இவ்வாறு வந்தபோது பிளவின் அடையாளமாய் நின்றது. 1931இல் டொனமூர்த் திட்டம் இனவாரி ஆசனங்களை ஒழித்தபோது அதுவும் போயிற்று. 1930ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அருணாசலத்தின் திருவுருவச் சிலை கொழும்பிலே சட்டநிரூபண சபைக் கட்டட வளவில் திறந்து வைக்கப்பட்டது. அக்கட்டடம் பின்னர் பாராளுமன்றமாகிப் பல்லாண்டு விளங்கி, இப்போது சனாதிபதி செயலகமாய் இருக்கின்றது.

விடை

1957ஆம் ஆண்டு பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது, அதுவும் நிறைவேறவில்லை. அவற்றின் பின் வந்ததை என் தலைமுறையார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாங்கள் அதனுள்ளேயே படித்து, அதனுள்ளேயே படிப்பித்து, இழக்கக் கூடாதவற்றை இழந்து வந்தவர்கள். அவ்வொப்பந்தங்களைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கெல்லாம் மூத்தது 1918ஆம் ஆண்டின் கடிதம். அதிலே கேட்கப்பட்டது நாடன்று, மாகாணமன்று, மொழியுரிமைச் சட்டமுமன்று. சபையிலே ஒரு கதிரை. அந்த ஒரு கதிரையைக் கொடுத்திருந்தால் பின்வந்தவையெல்லாம் வாராதிருந்திருக்கும் என்று கூற நான் சோதிடனல்லேன். ஆனால் எழுதிக் கொடுத்ததை நம்பலாம் என்னும் பழக்கமேனும் இந்நாட்டிலே வேரூன்றியிருக்கும்.

என் மாணாக்கனை மறுவாரம் அழைத்து, அவன் கட்டுரையின் இரு பக்கங்களுக்கும் இடையே இன்னொரு பக்கம் சேர்க்குமாறு கூறினேன். பிரித்தவர் யார் என்று எழுதவேண்டாம். கடிதம் யார் எழுதியது, யாருக்கு எழுதியது, யார் பிணை நின்றது, பின் என்ன நடந்தது என்று மட்டும் ஆண்டு முறைப்படி எழுது என்றேன். எழுதி வந்தான். ஓர் எழுத்துப்பிழை தவிரத் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது, அப்படியானால் அவர் நம்பியது பிழையா என்று கேட்டான்.

பிழையன்று என்றேன். நம்பியவர் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார். எஞ்சியிருப்பது வாக்களித்தவர்களின் பங்கு. அது இன்னும் நிலுவையில் இருக்கின்றது.